பெப்ரவரி 4இல் அரசியலமைப்பை ஊர்கூடி வாசிப்பது பற்றி

கல்முனைப் பக்கத்து வாசகர் வட்டமொன்றைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐக்கிய அமெரிக்காவில் ஜூலை 4ஆம் திகதி சுதந்திரப் பிரகடனத்தைப் பொது இடங்களில் உரத்து வாசிப்பதுபோல, நமது சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கையின் அடிப்படை ஆவணங்களை ஊரில் ஒரு பொது இடத்தில் வாசிக்கலாமா, எதை வாசிப்பது, யாரிடம் அனுமதி பெறுவது. ஏற்பாட்டைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். உரத்து வாசிக்கத்தக்க ஆவணம் ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்த நாளில், நமது பகுதியில், அதைக் கேட்க யாராவது வருவார்களா என்பது மற்றையது. நான் பாடசாலைகளில் குடியியல் கற்பித்து, பின்னர் ஆசிரிய ஆலோசகராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நூலகங்களோடு சேர்ந்து இத்தகைய வாசிப்புகளை நடத்தியிருக்கிறேன். ஆனால் நான் சட்டத்தரணி அல்லன். உறுப்புரைகள் சொல்வதைச் சொல்லலாம், அவை நீதிமன்றத்தில் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடமே கேட்க வேண்டும்.

ஆவணத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்கப் பிரகடனம் காதால் கேட்கப்படுவதற்கென்றே எழுதப்பட்டது என்று சொல்லத்தக்க ஆவணம். ஏறத்தாழ 1,300 சொற்களே கொண்டது. பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். 1776 ஜூலை 8ஆம் திகதி பிலடெல்பியாவில் ஜோன் நிக்சன் என்பவர் அதை மக்கள் முன் வாசித்தார். மறுநாள் நியூயோர்க்கில் வாஷிங்டனின் கட்டளைப்படி படையினருக்கு வாசிக்கப்பட்டது. நமக்கு அப்படியொரு பிரகடனம் இல்லை. நமது சுதந்திரத்தின் சட்ட ஆவணம் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 1947ஆம் ஆண்டு இலங்கைச் சுதந்திரச் சட்டம். அதனோடு சேர்ந்து நின்றது சோல்பரி அரசியலமைப்பு எனப்படும் 1946ஆம் ஆண்டின் கட்டளை. இரண்டும் ஆங்கிலத்தில், சட்டவரைஞர்களின் நடையில் எழுதப்பட்டவை. அவற்றை மக்கள் முன் முழுமையாக வாசிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கத்தில் இரண்டு வாக்கியங்களில் அவற்றின் வரலாற்றைச் சொல்லிவிட்டால் போதும்.

ஆகவே வாசிப்பதற்கு எஞ்சியிருப்பது இன்று நடைமுறையிலுள்ள 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பே. அதை முழுதாக வாசிக்க இயலாது, வாசிக்கவும் கூடாது. தெரிவு செய்ய வேண்டும். நான் வழக்கமாக 8ஆம் உறுப்புரையிலிருந்து தொடங்குவேன். பெப்ரவரி 4ஆம் திகதி குடியரசின் தேசிய தினம் என்று சொல்லும் ஒற்றை வாக்கியம் அது. இன்று ஏன் கூடியிருக்கிறோம் என்பதற்கு ஆவணமே விடை சொல்லிவிடும். அடுத்து, இறைமை மக்களிடமே உள்ளது என்னும் 3ஆம் உறுப்புரை. அதன் பிறகு அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் அத்தியாயம், 10ஆம் உறுப்புரை தொடக்கம் 17ஆம் உறுப்புரை வரை. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம், சித்திரவதையிலிருந்து விடுதலை, சட்டத்தின் முன் சமத்துவம், கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய கடப்பாடு, பேச்சுச் சுதந்திரம், 2015இல் பத்தொன்பதாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட தகவல் அறியும் உரிமை ஆகியவை அதில் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் 14ஆம் உறுப்புரையோடு நிறுத்திவிட விரும்புவார்கள், ஏனெனில் அதுவரை கேட்க இனிமையாக இருக்கும். 15ஆம் உறுப்புரை அந்த உரிமைகளுக்கு எந்தெந்தக் காரணங்களால் மட்டுப்பாடு விதிக்கலாம் என்று சொல்கிறது. 16ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் இந்த அத்தியாயத்தோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. இவற்றை விட்டுவிட்டு வாசிப்பது, கடனின் தொகையைச் சொல்லி வட்டியை மறைப்பதுபோலாகும். அதேபோல, 17ஆம் உறுப்புரையையும் அதனோடு இணைந்த 126ஆம் உறுப்புரையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்: நிருவாகத்துறையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்பது அவற்றின் சாரம். அந்த ஒரு மாதக் கெடுவை அறியாமல் காலம் கடந்து வருந்தியவர்களை நமது பகுதியில் நான் நிறையக் கண்டிருக்கிறேன். விழாவுக்கு வந்தவர்களில் ஒருவர் அந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு வீடு சென்றாலே போதும்.

நமது பகுதியில் மக்களை நிமிர்ந்து உட்கார வைப்பது பெரும்பாலும் உரிமைகள் அத்தியாயம் அல்ல. மொழி பற்றிய நான்காம் அத்தியாயம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதை மூத்தவர்கள் அறிவார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று சேர்த்ததையும், 1988இல் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்று விதித்ததையும் செய்தியாகக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் வாசகத்தைக் காதால் கேட்டவர்கள் குறைவு. ஒரு வாசிப்பின் முடிவில், முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதமொன்றை எடுத்து விரித்தார். ஓர் அரச அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்தது; முழுவதும் சிங்களம். “இப்ப வாசிச்சீங்களே, அப்ப இது என்னத்துக்குத் தம்பி எனக்கு இப்படி வந்திருக்கு?” என்று கேட்டார். மேடையில் இருந்த எவரிடமும் அதற்கு நல்ல விடை இருக்கவில்லை. ஆனால் தமிழில் கடிதம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை அங்கேயே ஒருவர் அவருக்கு எழுதிக் கொடுத்தார். இதற்காகவேனும் 18ஆம், 22ஆம் உறுப்புரைகளை வாசிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2ஆம் உறுப்புரை சொல்லும் ஒற்றையாட்சியையும், 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்குக் கொடுக்கும் முதன்மை இடத்தையும் என்ன செய்வது என்ற கேள்வி எழும். இதில் சட்டம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. இது முற்றிலும் என் அபிப்பிராயம். கேட்போருக்கு உவப்பற்றது என்பதற்காக ஓர் உறுப்புரையைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது வாசிப்பின் மீதுள்ள நம்பிக்கையைக் குலைத்துவிடும். வாசிக்கலாம், அல்லது நேரமில்லையென்றால், எவற்றை இன்று வாசிக்கவில்லை என்பதை இலக்கத்தோடு அறிவித்துவிடலாம். 9ஆம் உறுப்புரையே 10ஆம், 14ஆம் உறுப்புரைகளின் கீழ் ஏனைய மதங்களுக்குள்ள உரிமைகளையும் காப்பதாகச் சொல்கிறது. முழுதாக வாசித்தால் அதுவும் கேட்கும். வாசிப்பு என்பது சம்மதம் தெரிவிப்பது அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், சங்கடத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஆவணத்துக்குப் பக்கத்தில் அதைக் கேள்வி கேட்கும் இன்னொன்றையும் வைத்து வாசிக்கும் வழக்கம் அமெரிக்காவிலேயே உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5ஆம் திகதி ரொசெஸ்டர் நகரில், உங்கள் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன தரும் என்று கேட்டு ஆற்றிய உரையை மசசூசெட்ஸ் மாநிலத்தின் பல ஊர்களில் மக்கள் முறைவைத்து வாசிக்கிறார்கள். நமது நிலைக்கு இதற்கு இணையாகச் செய்யத்தக்கது, சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவை வாசிப்பது. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அது சொன்னது. அது நடைமுறையில் இருந்தபோதே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் தனியாக விமர்சன உரை எதுவும் தேவைப்படாது. 29(2)இன் மூலம் ஆங்கிலம் என்பதால், நீங்கள் வாசிப்பது மொழிபெயர்ப்பு என்பதையும் அறிவித்துவிடுங்கள். தமிழருக்குத் தனிநாடு கோரிய 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் சேர்க்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். 1983இல் நிறைவேறிய ஆறாம் திருத்தம் தனிநாட்டை ஆதரிப்பதைக் குற்றமாக்குகிறது. வரலாற்று ஆவணமாக வகுப்பறையில் அதைப் படிப்பதற்கும் பொது மேடையில் ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறதா என்பது என் தகுதிக்கு அப்பாற்பட்ட கேள்வி. சட்டத்தரணியின் எழுத்து மூலமான ஆலோசனை இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது பிரதி. பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பின் தமிழ் வடிவம் இருக்கிறது. அச்சுப் பிரதி அரசாங்க வெளியீட்டுப் பணியகத்தில் கிடைக்கும். 2022ஆம் ஆண்டின் இருபத்தோராம் திருத்தம் சேர்க்கப்பட்ட பதிப்பா என்று பாருங்கள். நூலக இறாக்கையில் இருக்கும் பழைய பிரதிகளில் தகவல் உரிமைக்கான 14அ உறுப்புரை இருக்காது. அந்தத் தமிழ் கடினமானது, அதை எளிமையாக்கி எழுதி வாசிக்கலாமே என்று உங்கள் குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். எளிமையாக்கும்போது உரிமை கூடும் அல்லது குறையும், இரண்டுமே பொய்.

இந்தச் சிக்கலுக்கு நமது பகுதியில் ஏற்கெனவே ஒரு தீர்வு இருக்கிறது. வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்பதையும், மார்கழியில் திருவாதவூரடிகள் புராணம் படிப்பதையும் பாருங்கள். புராணப் படிப்பில் ஒருவர் பாட்டை உள்ளவாறே படிப்பார்; இன்னொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். படிப்பவர் விளக்குவதில்லை, பயன் சொல்பவர் பாட்டை மாற்றுவதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையைப் பதினெட்டு நாளும் பின்தொடர்ந்து வரும் சனத்துக்கு, நீண்ட வாசகத்தைக் கேட்கும் பொறுமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முஸ்லிம் ஊர்களில் மௌலூது ஓதுவதைக் கூடியிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. ஆகவே இரண்டு ஒலிவாங்கிகள் வையுங்கள். ஒன்றில் உறுப்புரை மட்டும், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். மற்றையதில் பயன், ஓர் உறுப்புரைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல். பயன் சொல்பவர் ஒரு சட்டத்தரணியாகவோ அரசறிவியல் ஆசிரியராகவோ இருப்பது நல்லது. அரசியல்வாதியாக இருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைக் காத்துக்கொண்டால், பயன் சொன்னவரோடு உடன்படாதவர்கூட வாசகத்தை நம்புவார். வாசிப்பு நிகழ்வுகள் குழம்பிப் போவதை நான் கண்ட இடங்களில் எல்லாம் காரணம் ஒன்றுதான்: எது சட்டம், எது பேச்சாளரின் கருத்து என்று கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

வாசிப்பவர்களைத் தயார் செய்வதுதான் அதிக உழைப்பு வேண்டுவது. பிரதியைப் பதினெட்டுப் புள்ளி எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டு அச்சிட்டு, ஆளுக்கொரு தாளாகக் கொடுங்கள். சட்டத் தமிழின் நீண்ட வாக்கியங்களில் மூச்சு விட வேண்டிய இடங்களைப் பென்சிலால் சாய்கோடிட்டுக் குறிக்கச் செய்யுங்கள். 12ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியை உதாரணமாக எடுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் என்று ஏழு காரணங்கள் வரிசையாக வருகின்றன, அவற்றால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டுதல் (பாரபட்சம்) கூடாது என்பதற்காக. பழக்கமில்லாதவர் இந்த ஏழையும் ஒரே மூச்சில் கடைச் சாமான் பட்டியல்போல் ஓடவிட்டுவிடுவார். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு கணம் நிற்கச் சொன்னால், சாதி என்ற இடத்தில் கூட்டத்தில் ஒரு சலனம் தெரியும். மூன்றாம் பந்தி கடைகள், உணவுச்சாலைகள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், அவரவர் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் செல்வதைத் தடுக்கலாகாது என்கிறது. கோயில் வாசலில் நடந்தவற்றை அறிந்த முதியவர்கள் இருக்கும் ஊரில் அந்த வரியை அவசரமாக வாசிப்பது தவறு. உங்கள் ஊரில் அண்ணாவியார் ஒருவர் இருந்தால் ஒரு மாலைப்பொழுது அவரை அழைத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். கூத்துக்கு ஆள் பழக்குபவருக்கு, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போகும் என்பது எந்த விரிவுரையாளரையும்விட நன்றாகத் தெரியும்.

யார் வாசிப்பது? ஊரின் கலப்பு மேடையில் தெரிய வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் மட்டுமன்றி, மட்டக்களப்பு நகரென்றால் பறங்கியர், அம்பாறைப் பக்கமென்றால் சிங்களவர். மீன்பிடிப்பவர், தாதி, முச்சக்கரவண்டி ஓட்டுநர், உயர்தர மாணவி. ஓரிரு உறுப்புரைகளைச் சிங்களத்திலும் வாசிப்பது அழகாக இருக்கும். பிரதம அதிதி வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நமது நிகழ்ச்சிகளில் அதிதியை வரவேற்று, மாலையிட்டு, மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை முடிந்து பொன்னாடையும் போர்த்தி முடிக்கும்போது கூட்டத்தில் பாதி எழுந்து போயிருக்கும். அரசியல்வாதி ஒருவர் வந்தால் வரவேற்று உட்கார வையுங்கள். விரும்பினால் மற்றவர்களைப்போல ஒரு தாளை வாங்கி வாசிக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தை ஆறுதலாக வாசித்தாலும் 15 நிமிடமளவில் முடிந்துவிடும். பயனும் மொழி அத்தியாயமும் கேள்விகளும் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது.

அனுமதி பற்றி: ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும், ஊர்வலமாக வருவதென்றால் அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவை உறுதியானவை. பூங்காவோ மைதானமோ என்றால் அதற்குரிய மாநகர சபை அல்லது பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். இதற்கு மேல் பொறுப்பதிகாரி என்ன கேட்பார் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். வாசிக்கப்போகும் உறுப்புரைகளின் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுப்பது என் வழக்கம்; அரசியலமைப்பை வாசிக்கிறோம் என்று எழுத்தில் இருந்தால் பேச்சு சுருங்கிவிடுகிறது. தேசிய கீதம் பாடுவதென்றால், அதன் தமிழ் வரிகள் அரசியலமைப்பின் தமிழ் வடிவத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே உள்ளன; 2016இல் கொழும்பில் நடந்த அரச சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்டது.

நேரத்தைப் பொறுத்தவரை காலையை விட்டுவிடுங்கள். அரச அலுவலகங்களில் கொடியேற்றம் இருக்கும். பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் வயற்காரர்கள் காலையில் வரமாட்டார்கள். அஸர் தொழுகை முடிந்து நாலே காலுக்குத் தொடங்கினால் மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம். 2028, 2029ஆம் ஆண்டுகளில் பெப்ரவரி 4 நோன்பு மாதத்துக்குள் வருகிறது. அதிலும் 2028இல் வெள்ளிக்கிழமை. கல்முனை போன்ற இடத்தில் அந்த ஆண்டுகளுக்கு வேறு ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஆட்கள் வருவார்களா என்பது. உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: நமது பகுதியில் பெப்ரவரி 4ஐக் கரிநாளாகக் கடைப்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அன்று வீதியில் நிற்பதும் உண்டு. அவர்களுக்கு எதிரான நிகழ்ச்சியாக உங்களுடையது தோன்றினால் தமிழர் தரப்பிலிருந்து அதிகம் பேர் வரமாட்டார்கள். முன்கூட்டியே சென்று அவர்களிடம் பேசுங்கள். 11ஆம், 13ஆம் உறுப்புரைகளை வாசிக்க அவர்களில் ஒருவரை அழைக்கலாம், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அன்று கர்த்தால் அறிவிக்கப்பட்டால் நடத்தாதீர்கள், பேருந்தும் இருக்காது, மனமும் இருக்காது. திகதியே தடையாக இருக்கிறதென்று உங்கள் வட்டம் முடிவு செய்தால், உலக மனித உரிமைப் பிரகடனம் 1948இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட டிசம்பர் 10ஆம் திகதிக்கு மாற்றலாம். அதன் முப்பது உறுப்புரைகளும் தமிழில் கிடைக்கின்றன, மூன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்து வாசிக்க நன்றாகப் பொருந்தும். ஆனால் டிசம்பர் இங்கே அடைமழைக் காலம். மைதானத்தை நம்பாமல் நூலக மண்டபத்தையோ கலாசார மண்டபத்தையோ ஐப்பசிக்குள்ளேயே பதிந்துவிடுங்கள்.